கடைமடையில் தெளிந்த தண்ணீர்

எழுபது வயதுக்காரர்கள் இருவர் ஒரே நாளில் நரம்பியல் டாக்டரிடம் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேஸை அணைக்க மறக்கிறார்கள். வங்கி வாசலில் நின்று, எதற்கு வந்தோம் என்று விழிக்கிறார்கள். டாக்டர் இன்று என்ன கிழமை என்கிறார். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்கிறார். கடிகாரம் ஒன்று வரைந்து பதினொன்று பத்து காட்டுங்கள் என்கிறார். இருவரும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். பி12, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று; இருவருக்கும் சரியாகவே இருக்கின்றன. ஆனால் ஒருவரின் மறதிக்குக் காரணம் மனச்சோர்வு, மற்றவருக்கு அல்சைமர். எப்படிப் பிரித்தறிவது?

நெடுங்காலம் இதற்கு இருந்த நேர்மையான பதில், இறந்த பிறகுதான் தெரியும் என்பது. 1984இல் அமெரிக்காவில் வகுத்த நோயறிதல் விதிகள், உயிரோடிருப்பவரை மருத்துவர் நேரில் சோதித்து 'அநேகமாக அல்சைமர்' என்று எழுதுவதோடு நின்றுகொண்டன. 'உறுதியாக' என்று எழுத மூளைத் திசு வேண்டும். இந்த 'அநேகமாக' எவ்வளவு பலவீனமானது என்பது பின்னால் ஒரு மருந்துச் சோதனையில் அம்பலமானது. பாபினியூசுமாப் என்ற மருந்தை லேசான, மிதமான அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பலிக்கவில்லை. அதைவிடச் சங்கடமான செய்தி ஒன்றும் அதில் இருந்தது. அல்சைமருக்கு வாய்ப்பைக் கூட்டும் ஏபிஓஇ4 மரபணு இல்லாதவர்களில் ஒரு பகுதியினருக்கு மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, அவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேலாக அல்சைமருக்கு உரிய படிவே இல்லை. இல்லாத ஒன்றைக் கரைக்க மருந்து ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதுவும் தேர்ந்த நிபுணர்கள் பார்த்துப் பொறுக்கிய நோயாளிகளுக்கு.

படிவு என்று சொன்னேன். அதை இந்த நோயோடு சேர்த்து விவரித்தவர் அலாய்ஸ் அல்சைமர். 1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மனநலக் காப்பகத்தில் ஆகுஸ்ட டேட்டர் என்ற பெண்மணி சேர்க்கப்பட்டார். வயது 51. தன் பெயரை எழுதத் தொடங்கி, பாதியில் மறந்து நிற்பார். 1906இல் அவர் இறந்தபின், மூளையை மெல்லிய சீவல்களாக அரிந்து, வெள்ளி உப்பால் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தார் அல்சைமர். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிவுகள் தெரிந்தன. நரம்பணுக்களுக்கு உள்ளே நார்கள் முறுக்கிக்கொண்ட முடிச்சுகள் தெரிந்தன. இந்த இரண்டும்தான் இன்றுவரை அல்சைமரின் அடையாளம். அவை எதனால் ஆனவை என்று தெரிய மேலும் எண்பது ஆண்டுகள் பிடித்தன. படிவு, பீட்டா அமிலாய்டு என்ற புரதத் துண்டு. முடிச்சு, டௌ என்ற புரதம். இரண்டின் கதையும் 1980களின் நடுவில் ஒன்றிரண்டு ஆண்டு இடைவெளியில் துலங்கியது.

இனி வேண்டியது, மண்டை ஓட்டைத் திறக்காமல் இந்த இரண்டையும் கண்டுபிடிக்க ஒரு வழி. இப்படி உள்ளே நடப்பதை வெளியிலிருந்து அளந்து சொல்லும் பொருளைத்தான் பயோமார்க்கர் என்கிறார்கள். நோய்ச்சுட்டி என்று சொல்லலாம். மூளையைச் சுற்றியும் முதுகுத்தண்டின் உள்ளேயும் தெளிந்த நீர் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவுக்குப் புதிதாகச் சுரக்கிறது. மூளை அணுக்கள் வெளியே விடுவதெல்லாம் அதில் கலக்கும். இடுப்புக்குச் சற்று மேலே இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே ஊசி செலுத்தி அதைக் கொஞ்சம் எடுக்கலாம். மூளையில் அமிலாய்டு குவிந்தவருக்கு அந்த நீரிலும் அமிலாய்டு மிகுந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1990களின் நடுவில் அளந்து பார்த்தபோது விடை தலைகீழாக வந்தது. அல்சைமர் நோயாளிகளின் தண்டுவட நீரில் அமிலாய்டு குறைவு. பல ஆய்வுகளில் மற்றவர்களுக்கு இருப்பதில் ஏறக்குறைய பாதி.

இதைப் புரிந்துகொள்ள வயலுக்குப் போகலாம். ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்காலில் வண்டல் கலந்த தண்ணீர் ஓடுகிறது. தலைமடையில் எப்போதும் கலங்கல். கடைமடைக்கும் கலங்கலாகவே வந்து சேரும். ஒரு பருவத்தில் கடைமடைத் தண்ணீர் தெளிந்து வருகிறதென்றால், அதைப் பார்த்து மகிழ்பவர் ஏமாந்தார். ஆறு தெளிந்துவிடவில்லை. வண்டல் நடுவழியில் தங்கிக்கொண்டிருக்கிறது, வாய்க்கால் தூர்ந்துகொண்டிருக்கிறது. தண்டுவட நீர் மூளையின் கடைமடை. அமிலாய்டு மூளைத் திசுவிலேயே ஒட்டிக்கொள்ளத் தொடங்கினால், நீருக்கு வந்து சேர்வது குறைகிறது.

ஒட்டுவது எது என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நரம்பணுவின் உறையில் ஏபிபி என்றொரு நீளமான புரதம் நிற்கிறது. இரண்டு நொதிகள் அதை இரண்டு இடங்களில் வெட்ட, ஒரு துண்டு கழன்று வருகிறது. அதுதான் பீட்டா அமிலாய்டு. நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் எல்லோர் மூளையிலும் இது நடந்துகொண்டே இருக்கிறது. வெட்டு எப்போதும் ஒரே இடத்தில் விழுவதில்லை. பெரும்பாலும் 40 அமினோ அமிலம் நீளமுள்ள துண்டு வரும். அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு 42 நீளமுள்ளதும் வரும். அந்த இரண்டே இரண்டு கூடுதல் அமினோ அமிலங்கள் தண்ணீரை வெறுப்பவை. அதனால் 42 தன்னைப் போன்ற மற்றவற்றோடு ஒட்டிக்கொள்ளத் துடிக்கும். 40 பெரும்பாலும் தன் வழியே ஓடிவிடும். ஆகவே 42ஐ மட்டும் அளப்பதைவிட, 42க்கும் 40க்கும் உள்ள விகிதத்தை அளப்பது நம்பகமானது. ஒருவர் மூளையில் இயல்பாகவே அமிலாய்டு அதிகம் சுரக்கலாம், இன்னொருவருக்குக் குறைவாகச் சுரக்கலாம். விகிதம் எடுத்தால் அந்த வேறுபாடு அடிபட்டுப் போகிறது.

இந்த ஒட்டும் குணம் ஆய்வகத்திலும் வேலையைக் காட்டியது. ஒரே நீரை வெவ்வேறு ஆய்வகங்களுக்கு அனுப்பினால் வெவ்வேறு எண் வரும். காரணங்களில் ஒன்று சோதனைக் குழாய். கண்ணாடியிலும் பாலிஸ்டைரீனிலும் அமிலாய்டு சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு குழாயிலிருந்து இன்னொரு குழாய்க்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காணாமல் போகும். குழாயில் ஒட்டியதை மூளையில் ஒட்டியதாகக் கணக்கெழுதினால், நல்ல மனிதர் நோயாளி ஆகிவிடுவார். அதனால்தான் இன்று எந்தப் பிளாஸ்டிக்கில் எடுக்க வேண்டும், எவ்வளவு நிரப்ப வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் உறையவைக்க வேண்டும் என்றெல்லாம் விதி போட்டிருக்கிறார்கள். படிக்கச் சலிப்பூட்டும் இந்த விதிகளுக்காகப் பல ஆண்டு உழைப்பு போயிருக்கிறது.

கடைமடைக் கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் உண்மையா? அதைச் சரிபார்க்க, உயிரோடிருப்பவரின் மூளைப் படிவை நேராகவே பார்க்க வேண்டும். அதற்கு வழி செய்தவர்கள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கிளங்க்கும் செஸ்டர் மேத்திஸும். நோய்க்குறியியலாளர்கள் அமிலாய்டுக்குப் பூசும் தியோபிளேவின் என்ற சாயத்தை எடுத்துக்கொண்டார்கள். அது மூளைக்குள் நுழையும்படி அதன் மூலக்கூறைத் திருத்தி, கதிரியக்கக் கார்பனைப் பொருத்தினார்கள். ரத்தக்குழாயில் ஏற்றினால் அது மூளைக்குப் போய்ப் படிவில் ஒட்டும்; பெட் ஸ்கேனில் அந்த இடம் ஒளிரும். 2002இல் சுவீடனின் உப்சாலாவில் முதல் நோயாளிக்கு இதைச் செய்தார்கள். அந்தக் கார்பனின் அரை ஆயுள் 20 நிமிடம்தான். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தால்தான் ஆகும். பிறகு 110 நிமிடம் தாங்கும் புளோரினுக்கு மாறினார்கள். ஆனாலும் செலவு குறையவில்லை.

2006இல் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு ஆய்வு நடந்தது. 24 பேர். ஒவ்வொருவருக்கும் பெட் ஸ்கேனும் எடுத்தார்கள், தண்டுவட நீரும் எடுத்தார்கள். ஸ்கேனில் ஒளிர்ந்தவர்கள் எல்லோருக்கும் நீரில் 42 குறைவு. ஒளிராதவர்கள் எல்லோருக்கும் அது அதிகம். நடுவில் குழப்பமே இல்லை. இவ்வளவு சுத்தமாகப் பிரியும் முடிவு மருத்துவத்தில் அபூர்வம். அந்த ஆய்விலேயே இன்னொன்றும் இருந்தது: நினைவு தெளிவாக இருந்த சிலருக்கும் படிவு இருந்தது, நீரில் 42 குறைந்திருந்தது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டௌவுக்கு வருவோம். நரம்பணுவின் நீண்ட இழைக்குள் நுண்குழாய்கள் ஓடுகின்றன. சரக்குப் போக்குவரத்தெல்லாம் அவற்றின் வழியேதான். டௌ அவற்றைப் பற்றிப்பிடித்து நிலைநிறுத்தும் புரதம். அதன் மேல் அங்கங்கே பாஸ்பேட் ஒட்டும், விலகும். அல்சைமரில் அளவுக்கு மீறி பாஸ்பேட் ஏறிவிடுகிறது. டௌ பிடியை விட்டு நழுவி, தனக்குள் முறுக்கிக்கொள்கிறது. தண்டுவட நீரில் அமிலாய்டு குறையும்போது டௌ கூடுகிறது. நரம்பணு செத்து உடைகிறது, உள்ளிருந்தது வெளியே வருகிறது, இதில் என்ன வியப்பு என்று தோன்றும். அந்த விளக்கம் போதாது என்று காட்டியது பக்கவாதம். பக்கவாதத்தில் ஒரே அடியாகக் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் சாகின்றன. அப்போது மொத்த டௌ எகிறுகிறது, சில மாதங்களில் இறங்குகிறது. பாஸ்பேட் ஏறிய டௌ அசைவதில்லை. ஆக, பாஸ்பேட் டௌ வெறும் இடிபாடு அல்ல. பக்கத்தில் அமிலாய்டு படிந்ததும், உயிரோடிருக்கும் நரம்பணுவே அதைக் கூடுதலாக உற்பத்தி செய்து வெளியே தள்ளுகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ராண்டல் பேட்மன் குழு, கன கார்பன் கொண்ட அமினோ அமிலத்தை மனிதர்களுக்கு ஏற்றி, புதிதாகச் செய்யப்படும் டௌவை எடையால் அடையாளம் கண்டு இதைக் காட்டியது.

பாஸ்பேட் ஒட்டும் இடங்கள் பல. அவற்றுள் 217ஆம் இடம்தான் மற்றவற்றைவிட மிகத் துல்லியமாக அமிலாய்டைப் பின்தொடர்கிறது. ஆங்கிலச் செய்திகளில் 'பி-டௌ217' என்று அடிபடுவது இதுதான். இதில் ஒரு வேடிக்கை: பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் பி-டௌ217 அல்சைமர் நோயாளிகளுக்கு இருப்பதைவிட அதிகம் என்று கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்டார்கள். வளரும் மூளைக்கு அது தேவைப்படுகிறது போலிருக்கிறது. குழந்தை மூளையில் முடிச்சு விழுவதில்லை. ஏன் என்பது இன்னும் திறந்த கேள்வி.

முதுகில் ஊசி என்றதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். பெட் ஸ்கேனுக்குப் பணம் வேண்டும். ரத்தத்தில் பார்க்க முடிந்தால்தான் சாதாரண மருத்துவமனைக்கு இது வந்து சேரும். சிக்கல், அளவு. ரத்தத்தின் முதன்மைப் புரதமான ஆல்புமின் ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 40 மில்லிகிராம் இருக்கிறது. பி-டௌ217 ஒரு பிகோகிராம்கூட இல்லை. பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஆல்புமினை அதே அலகில் சொன்னால் நாலாயிரம் கோடி. வழக்கமான சோதனையில் எதிர்ப்பொருள் புரதத்தைப் பிடிக்கும், சாயம் ஒளிரும், மொத்த ஒளியை அளப்பார்கள். இவ்வளவு குறைந்த அளவில் அந்த ஒளி பின்னணி மினுக்கலில் கரைந்துபோகும்.

டேவிட் வால்ட் என்ற வேதியியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2010 வாக்கில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அளப்பதை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கினார்கள். எதிர்ப்பொருள் பூசிய நுண்மணிகள் லட்சக்கணக்கில் மாதிரியில் விடப்படுகின்றன. தேடும் புரதம் மிகக் குறைவு என்பதால் பெரும்பாலான மணிகளில் எதுவும் சிக்காது. சிலவற்றில் ஒரே ஒரு மூலக்கூறு சிக்கும். பிறகு ஒரு மணிக்கு ஒன்று என்ற கணக்கில், அந்த மணி மட்டுமே கொள்ளும் நுண்குழிகளில் அவற்றை அமர்த்துகிறார்கள். குழி அவ்வளவு சிறிது என்பதால் ஒரு மூலக்கூறு எழுப்பும் ஒளியும் அதற்குள்ளேயே தேங்கிப் பளிச்சென்று தெரியும். எத்தனை குழி ஒளிர்கிறது, எத்தனை இருண்டிருக்கிறது என்று எண்ணினால் போதும்.

அமிலாய்டு விகிதத்தையும் ரத்தத்தில் பார்க்கிறார்கள். நிறைநிரல்மானி என்ற கருவியால் துண்டுகளை எடைபோட்டுப் பிரிப்பது ஒரு வழி. 2002இல் வேதியியல் நோபல் பெற்ற ஜப்பானின் கொய்ச்சி தனாகாவும் 2018இல் வந்த அத்தகைய ஆய்வு ஒன்றில் பங்கெடுத்தார். ஆனால் ரத்தத்துக்கு அமிலாய்டு மூளையிலிருந்து மட்டும் வருவதில்லை. உடம்பின் மற்ற பகுதிகளும் விடுகின்றன. தண்டுவட நீரில் பாதியாகக் குறைவது ரத்தத்தில் பத்து, இருபது சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. குழாய்க் கோளாறு ஒன்றே அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். பி-டௌ217 அப்படியல்ல, மடங்குக் கணக்கில் உயர்கிறது. பந்தயத்தில் அது முந்தியதற்கு இதுதான் காரணம்.

அதை நம்பலாம் என்று உலகத்துக்குச் சொன்னது 2020இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரை. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்றார்கள். மொத்தம் 1402 பேர். மூன்று வெவ்வேறு கூட்டத்தாரிடம் அதே ரத்தச் சோதனையைச் செய்தார்கள், ஒவ்வொரு கூட்டமும் ஒரு கேள்விக்கு. முதலாவது, அமெரிக்காவின் அரிசோனாவில் இறந்தபின் மூளையைத் தருவதாக எழுதிக்கொடுத்த முதியவர்கள், 81 பேர். ரத்தம் உயிரோடிருக்கும்போது எடுத்தது, விடை பிணக்கூறாய்வில். அல்சைமர் 1906இல் கண்டதை நேருக்கு நேர் வைத்து ரத்தத்தைச் சோதித்தார்கள் என்று சொல்லலாம். இரண்டாவது, சுவீடனில் பலவகை மூளை நோயுள்ள 699 பேர். அல்சைமரை மற்ற நோய்களிலிருந்து பிரிக்கிறதா என்று பார்க்க. மூன்றாவதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. கொலம்பியாவின் அந்தியோக்கியா மலைப்பகுதியில் ஒரு பெரிய குடும்ப வழி இருக்கிறது. பிரசெனிலின் என்ற மரபணுவில் ஒரே பிழை தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது. பிழை உள்ளவர்களுக்கு நாற்பதுகளின் நடுவில் நினைவு தடுமாறத் தொடங்கும். யாருக்கு எந்த வயதில் வரும் என்பது கிட்டத்தட்ட முன்பே தெரியும். அவர்களில் பிழை உள்ளோரின் ரத்தத்தில் பி-டௌ217 ஏறக்குறைய 25 வயதிலேயே மற்ற உறவினர்களிடமிருந்து விலகி ஏறத் தொடங்கியது. மறதி தொடங்க இன்னும் இருபது ஆண்டுகள் இருக்கும்போதே.

2024இல் இன்னொரு சுவீடன் ஆய்வு, மறதி என்று வந்த 1213 பேரிடம் டாக்டர்களையும் ரத்தச் சோதனையையும் ஒரே கேள்வி கேட்டது. பொது மருத்துவர்கள் 61 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். மறதி நோய் நிபுணர்கள் 73 சதவீதம். ரத்தம் 91 சதவீதம் அளவில். 2025 மே மாதம் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பி-டௌ217க்கும் அமிலாய்டு 42க்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கும் ஃபுஜிரெபியோ நிறுவனத்தின் ரத்தச் சோதனைக்கு அனுமதி தந்தது. 499 பேரிடம் பார்த்ததில், 'உண்டு' என்று வந்தவர்களில் 91.7 சதவீதத்தினருக்கு ஸ்கேனிலோ தண்டுவட நீரிலோ அமிலாய்டு உறுதிப்பட்டது. 'இல்லை' என்று வந்தவர்களில் 97.3 சதவீதத்தினருக்கு இல்லை. ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு எந்தப் பக்கமும் சேராத நடுத்தர எண் வந்தது. அவர்களுக்குப் பழைய வழிதான்: முதுகில் ஊசி அல்லது ஸ்கேன்.

அந்த அனுமதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. 55 வயதுக்கு மேற்பட்டு, மறதி அறிகுறியோடு சிறப்பு மருத்துவரிடம் வந்தவருக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. இது வெறும் சட்ட எச்சரிக்கை அல்ல, கணக்கு. பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொல்லும் சோதனை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மறதியோடு வரும் நூறு பேரில் அறுபது பேருக்கு அமிலாய்டு இருந்தால், சோதனை 54 பேரைச் சரியாகப் பிடிக்கும், 4 பேரைத் தவறாகக் காட்டும். நல்ல சோதனை. அதையே நன்றாக இருக்கும் ஐம்பது வயதுக்காரர் நூறு பேருக்குச் செய்யுங்கள். அந்த வயதில் அமிலாய்டு உள்ளவர் ஏறக்குறைய பத்துப் பேர்தான். 9 பேரைச் சரியாகப் பிடிக்கும். மீதி 90 பேரில் 9 பேரைத் தவறாகக் காட்டும். 'உண்டு' என்று வரும் தாளில் பாதி பொய். கருவி அதேதான், மாறியது வந்து நின்ற கூட்டம்.

சரியாகப் பிடித்த அந்த ஒன்பது பேருக்கும் நோய் என்று சொல்லிவிட முடியாது. படிவோடு தெளிவாக வாழ்ந்து, வேறு எதனாலோ இறந்துபோகிறவர்கள் பலர். இவர்களை என்னவென்று அழைப்பது என்பதில் நிபுணர்களிடையே இப்போது கடும் சண்டை. படிவு இருந்தாலே அல்சைமர் என்று அமெரிக்காவின் அல்சைமர் சங்கம் கூட்டிய குழு 2024இல் வரையறுத்தது. அறிகுறி இல்லாதவரை நோயாளி என்று சொல்லாதே என்கிறது மற்றொரு பன்னாட்டுக் குழு. என் கட்சி இரண்டாவது. மறதி இல்லாதவருக்குத் தர இன்று சிகிச்சை எதுவும் அங்கீகாரம் பெறவில்லை. கையில் ஓர் எண்ணைக் கொடுத்து இருபது ஆண்டு கவலைப்பட வைப்பது மருத்துவம் ஆகாது. மறதி தொடங்கியவர் விஷயம் வேறு. லெகனிமாப், டொனானிமாப் போன்ற மருந்துகள் அமிலாய்டை அகற்றுகின்றன. லெகனிமாப் சோதனையில் 18 மாதத்தில் சரிவின் வேகம் 27 சதவீதம் குறைந்தது. பெரிய மாற்றம் அல்ல. சிலருக்கு மூளையில் வீக்கமும் நுண்கசிவும் வருகின்றன. படிவு இருப்பதை உறுதி செய்யாமல் அவற்றைக் கொடுக்கவே கூடாது. படிவு இல்லை என்று வந்தாலும் பயன் உண்டு: டாக்டர் மனச்சோர்வையோ தூக்கத்தையோ ரத்தக்குழாயையோ தேடப் போகலாம்.

இந்தியாவில் அறுபது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேருக்கு முதுமை மறதி நோய் இருப்பதாக 2023இல் வந்த ஒரு தேசிய மதிப்பீடு சொல்கிறது. ரத்தச் சோதனை இங்கே பரவினால், எண்ணை வாசிப்பதில் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பி-டௌ217 ரத்தத்தில் தேங்கி, அமிலாய்டு இல்லாமலே எண் உயரும். உடல் பருமனானவருக்கு ரத்தத்தின் கொள்ளளவு கூடுதல் என்பதால் எண் தாழ்ந்து காட்டலாம். சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் மிகுந்த நம் ஊருக்கு, பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க வெள்ளையரிடம் எடுத்த எல்லைக்கோடு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் சீனிவாசபுரா வட்டார கிராம மக்களை, பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆய்வு மையம் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து வருகிறது. இத்தகைய தரவிலிருந்துதான் நமக்கான கோடு வர வேண்டும். அதுவரை பி-டௌ217 தாளைக் கையில் வாங்கும் டாக்டர், அதற்குப் பக்கத்தில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.